முழங்கால் லிகமென்ட் போனா டோனர் கிராஃப்ட் வைக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு ஒரு வழிகாட்டி

வெபர் மைதானத்துலயோ கல்முனைப் பக்கமோ ஃபுட்போல் அடிக்கிற பொடியன்மாருக்கு இது புதுக்கதை இல்ல. ஓடி வந்து காலை ஊண்டிக் கிறுகக்குள்ள முழங்காலுக்குள்ள 'டொக்' எண்டு ஒரு சத்தம், ரெண்டு மூணு மணித்தியாலத்துல வீக்கம், கொஞ்ச நாளால வீக்கம் வத்தி நடக்கவும் ஏலும், ஆனா படி இறங்கக்குள்ள, வயல் வரம்புல நடக்கக்குள்ள, ஆரும் பின்னால கூப்பிட்டு டக்கெண்டு திரும்பக்குள்ள கால் விட்டுப்போட்டுப் போற மாதிரி இருக்கும். எம்ஆர்ஐ எடுத்தா ஏசிஎல் கிழிஞ்சிட்டு எண்டு வரும், அதாவது முழங்காலுக்குள்ள துடை எலும்பையும் கீழ் எலும்பையும் சேத்துப் பிடிக்கிற ஒரு லிகமென்ட், ஒரு நார். அங்கால ஆளாளுக்கு ஒண்டு சொல்லுவாங்க. கட்டார்ல இருக்கிற மச்சான் உடன ஒப்பரேஷன் செய் எண்டுவாரு, பக்கத்து வீட்டு அப்பா எண்ணெய் போட்டுக் கட்டு எண்டுவாரு, கனடாவுல இருக்கிற மாமி வாட்ஸ்அப்புல "இஞ்ச செத்த ஆக்கள்ட நார் எடுத்து வைக்கிறாங்க மனே, உன்ட காலுல வெட்டி எடுக்கத் தேவல்ல" எண்டு வொய்ஸ் அனுப்புவா.

அந்த மாமி சொன்ன விஷயத்தப் பத்தித்தான் இது, இறந்த ஆள் தானமாக் குடுத்த நாரை எடுத்து வைக்கிறதத்தான் டோனர் கிராஃப்ட் எண்டுறது. என்ட அபிப்பிராயத்த முதல்லயே சொல்லிப்போடுறன், மறுகா விளக்கம்: வயசு இருபதுகள்ல, திரும்ப கிரவுண்டுக்குப் போகப்போற ஆள் எண்டா டோனர் கிராஃப்ட் வேணாம், உங்கட காலுல இருந்தே எடுத்து வைக்கச் சொல்லுங்க. நாப்பது தாண்டின ஆள், ஏற்கனவே வைச்சது அறுந்துபோன ஆள், ஒரே அடியில ரெண்டு மூணு லிகமென்ட் போன ஆள், இவங்களுக்கு டோனர் ஒரு நியாயமான வழி. ஆனா இதெல்லாம் கடைசிக் கேள்வி, அதுக்கு முதல் முடிக்க வேண்டிய கேள்விகள் இருக்கு, நம்மட ஆக்கள் அதெல்லாத்தையும் பாய்ஞ்சுட்டு நேரா கிராஃப்டுக்கு வந்து நிக்கிறதுதான் பிரச்சின.

முதல்ல, என்ன கிழிஞ்சிருக்கு எண்டு பேர் சொல்லிக் கேளுங்க

"சவ்வு போயிட்டாம்" எண்டு சொல்லிட்டு விட்டா காணாது. முழங்காலுக்குள்ள லிகமென்ட் வேற, ரெண்டு எலும்புக்கும் இடையில மெத்தை மாதிரிக் கிடக்கிற மெனிஸ்கஸ் வேற, எலும்பு முனையில இருக்கிற வழுவழுப்பான குருத்தெலும்பு வேற. மூண்டுக்குமே டோனர்ல இருந்து வைக்கிற ஒப்பரேஷன் உலகத்துல நடக்குது, ஆனா மூண்டும் ஒரே கணக்கு இல்ல. ஏசிஎல்லுக்கு வைக்கிறது இறந்த ஒராள்ட தசைநாண், ஃபிரீசர்ல நெடுநாள் வைக்கலாம். மெனிஸ்கஸ் எண்டா சைஸ் சரியாப் பொருந்தோணும், அதுவும் மெனிஸ்கஸ வெட்டி எடுத்த பிறகு நோவோட இருக்கிற இளம் ஆக்களுக்குத்தான், மூட்டு தேஞ்ச ஆளுக்கு அது சரிவராது. குருத்தெலும்பை எலும்போட சேத்து வைக்கிறதுக்கு உறைய வைக்காத புது திசு வேணும், அத ஒரு மாசத்துக்குள்ள பாவிச்சிரோணும், அதனால இஞ்ச இருந்துகொண்டு அத எதிர்பார்க்கிறது கஷ்டம்.

அதோட ஒண்டு. வயசான அம்மாமாருக்குச் செய்யிற முழங்கால் மாத்துற ஒப்பரேஷன் இருக்கே, அதுல வைக்கிறது உலோகமும் பிளாஸ்டிக்கும், ஒத்தர்ட உடம்புல இருந்து எடுத்தது இல்ல. "ஆர்ட காலோ தெரியா, எனக்கு வேணாம்" எண்டு அதுக்குப் பயந்து கிளினிக்குக்கே போகாம இருக்கிற ஆக்கள் படுவான்கரைப் பக்கம் இன்னும் இருக்கிறாங்க, உங்கட வீட்டுல அப்பிடி ஒராள் இருந்தா இத மட்டுமாவது சொல்லிவிடுங்க.

எக்ஸ்ரேயில லிகமென்ட் தெரியாது, எலும்பு உடைஞ்சிருக்கா எண்டுதான் பார்க்கலாம். "எக்ஸ்ரே கிளியர், ஒண்டுமில்ல" எண்டு வீட்டுக்கு வந்து மூணு மாசம் விளையாடி மெனிஸ்கஸையும் சேத்துக் கிழிச்ச கதைகள் நிறைய. எலும்பு டொக்டர் உங்களப் படுக்க வைச்சு, முழங்கால லேசா மடக்கி, துடைய ஒரு கையால பிடிச்சுக்கொண்டு கீழ் எலும்ப மற்றக் கையால முன்னுக்கு இழுத்துப் பார்ப்பாரு, நல்ல காலுல டக்கெண்டு நிக்கும், கிழிஞ்ச காலுல நிக்காம வழுக்கிக்கொண்டு வரும். பழகின கைக்கு அதுலயே பாதி தெரிஞ்சிரும், எம்ஆர்ஐ அத உறுதிப்படுத்தி மெனிஸ்கஸையும் காட்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை ஆஸ்பத்திரி, கல்முனையில அஷ்ரப் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி, எது உங்களுக்குக் கிட்டவோ அங்க எலும்பு கிளினிக்குக்கு நம்பர் எடுங்க. அவசரமெண்டா சனல் பண்ணியும் பார்க்கலாம், ஆனா அந்தச் சீட்டு, ரிப்போட், எம்ஆர்ஐ சீடி எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, ஒவ்வொரு டொக்டருக்கும் வாயால கதை சொல்லிக்கொண்டு இருக்க ஏலாது.

முறிவு நெரிவு பரியாரிட்டப் போறத நான் பிழையெண்டு சொல்லல்ல, சுளுக்குக்குக் கட்டுறதுல கெட்டிக்காரங்க இருக்கிறாங்க. ஆனா வீங்கின முழங்கால உருவி முறுக்கி இழுக்க விடாதீங்க, மூட்டுக்கு உள்ளுக்குள்ள கிழிஞ்சு கிடக்கிற ஏசிஎல்ல வெளியால போடுற எண்ணெய் போய்ச் சேராது.

ஒப்பரேஷன் கட்டாயமா வேணுமா?

இதத்தான் ஆக்கள் கேக்கிறதே இல்ல. ஏசிஎல் கிழிஞ்ச எல்லாரும் ஒப்பரேஷன் செய்யத் தேவல்ல. சுவீடன்ல 121 இளம் ஆக்கள வைச்சு ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, 2010ல வெளிவந்தது. ஒரு பகுதிக்கு உடன ஒப்பரேஷனும் தெரபியும், மற்றப் பகுதிக்கு முதல்ல தெரபி, பிறகும் கால் நழுவினா மட்டும் ஒப்பரேஷன். ரெண்டு வருஷத்தால பார்த்தா ரெண்டு பகுதியும் கிட்டத்தட்ட ஒரே நிலைமை. தெரபியோட தொடங்கின 59 பேர்ல 23 பேர்தான் அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள ஒப்பரேஷனுக்குப் போனாங்க, அஞ்சு வருஷத்துல அது அந்த 59 பேர்ல பாதியளவுக்குக் கூடிச்சு. அதாவது மற்றப் பாதிப் பேர் கத்தி படாமலே சமாளிச்சிட்டாங்க.

அதனால உங்கட வாழ்க்கைய எடுத்துப் பாருங்க. கந்தோர்ல இருக்கிற வேலை, பின்னேரம் கல்லடிப் பாலத்துல நடை, வேற ஒண்டும் இல்ல எண்டா மூணு மாசம் ஒழுங்கா ஃபிசியோதெரபி செஞ்சு பார்த்துட்டு முடிவெடுக்கலாம். ஒழுங்கா எண்டா ஒழுங்கா, ஆஸ்பத்திரியில காட்டித் தந்தத வீட்டுல ஒவ்வொரு நாளும் செய்யிறது, கிளினிக்குக்குப் போற அண்டைக்கு மட்டும் செய்யிறது இல்ல. வேலை ஏணி ஏறுற வேலை, வள்ளத்துல நிண்டு வலை இழுக்கிற வேலை, இல்லாட்டி ஃபுட்போல், கபடி, நெட்போல் மாதிரி கிறுகிக் கிறுகி ஓடுற விளையாட்டு, தெரபிக்குப் பொறகும் கால் நழுவுது, அப்ப ஒப்பரேஷன் நல்லம், ஏன்னா ஒவ்வொரு தரம் நழுவக்குள்ளயும் உள்ளுக்கு மெனிஸ்கஸ் அடிபடும்.

ஒரு விதிவிலக்கு: முழங்கால் மடங்கின இடத்துல லொக் ஆகி நீட்டவே ஏலாமப் போனா மூணு மாசம் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க, கிழிஞ்ச மெனிஸ்கஸ் துண்டு இடையில மாட்டியிருக்கலாம், சுணங்காமப் போங்க.

ஒப்பரேஷன் செய்யிறது எண்டு முடிவானாலும் அந்த இடைப்பட்ட தெரபி வீண்போகாது. முழங்கால் முழுசா நீட்டாம, வீக்கம் வத்தாம தியேட்டருக்குள்ள போனா பிறகு மூட்டு இறுகிப்போற ஆபத்து கூட. குதிக்காலுக்குக் கீழ ஒரு துவாய சுருட்டி வைச்சுட்டு முழங்காலுக்குப் பின்பக்கம் பாயில படுற மாதிரி துடைத் தசைய இறுக்கிப் பிடிச்சு விடுறது, சும்மா பார்க்க ஒண்டுமில்லாத வேலை, அதுதான் முக்கியமான வேலை.

சரி, எதை வைக்கிறது?

கிழிஞ்ச ஏசிஎல்ல தைச்சு ஒட்டுறது எல்லாருக்கும் சரிவராது, அதனால பெரும்பாலும் அந்த இடத்துல வேறொரு தசைநாணப் போடுறாங்க. சொந்தக் காலுல எடுக்கிற இடங்கள்: துடைக்குப் பின்னால உள்ள ஹாம்ஸ்ட்ரிங், சிரட்டைக்குக் கீழ உள்ள தசைநாண் ரெண்டு பக்கமும் சின்ன எலும்புத் துண்டோட, சிரட்டைக்கு மேல உள்ளது, கணுக்காலுக்கு வெளிப்பக்கத்தால எடுக்கிற பெரோனியஸ். டோனர் எண்டா இறந்த ஒராள்ட குதிக்கால் தசைநாண், கெண்டைக்கால் தசைநாண் மாதிரி ஒண்டு. அத மைனஸ் எழுபது, எண்பது டிகிரி ஃபிரீசர்ல வைச்சிருந்து ஒப்பரேஷன் நேரம் எடுத்து, சேலைன்ல ஊறப்போட்டு இளக வைச்சு, அளவுக்கு வெட்டித் தைச்சு வைப்பாங்க. கிட்னி மாத்துற மாதிரி ரத்தம் பொருந்தோணும், வாழ்நாள் முழுக்க மருந்து குடிக்கோணும் எண்டெல்லாம் இதுக்கு இல்ல. அந்த நார் ஒரு பந்தல் மாதிரிதான், உங்கட உடம்புச் செல் அதுல கொடியாப் படர்ந்து நாளடைவுல உங்கட லிகமென்டா மாத்திக்கொள்ளும்.

டோனர்ல நல்லது என்னண்டா, உங்கட உடம்புல இன்னொரு இடத்துல கை வைக்கத் தேவல்ல, ஒப்பரேஷன் நேரம் குறையும், முதல் கிழமைகள்ல நோவும் குறைவு. ஆனா இந்த நோவு குறைவுலதான் ஒரு பொறி கிடக்கு. டோனர் நார் உடம்போட சேர்றது சொந்த நாரை விடச் சுணங்கும், ஆனா காலுக்கு நோவில்லாதபடியா ஆள் சுகமாயிட்டன் எண்டு நினைச்சு முந்தி ஓடத் தொடங்குவாரு, உள்ளுக்குள்ள நார் இன்னும் பிடிச்சிருக்காது.

இளம் ஆக்களுக்கு வேணாம் எண்டு நான் அடிச்சுச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில பெரும்பாலும் சேவையில இருக்கிற சிப்பாய்கள்ட 97 முழங்கால்களுக்கு, பாதிக்குச் சொந்த ஹாம்ஸ்ட்ரிங், பாதிக்கு டோனர் வைச்சு பத்து வருஷத்துக்கு மேல பார்த்தாங்க, 2015ல அந்த ரிசல்ட் வந்தது. சொந்த நார் தோத்தது 8.3 சதவீதம், டோனர் தோத்தது 26.5 சதவீதம். மூணு மடங்குக்கு மேல. அதுவும் கிருமி நீக்கக் கதிர் அடிக்காத, ஃபிரெஷ்ஷா உறைய வைச்ச நல்ல கிராஃப்ட். அமெரிக்க எலும்பு டொக்டர்மார்ட சங்கமும் இளம், ஓடியாடுற ஆக்களுக்குச் சொந்த நார்தான் எண்டு வழிகாட்டல்ல எழுதியிருக்கு. கனடா மாமி சொன்னது பொய் இல்ல, மாமிட வயசு ஆளுக்கு அது சரி, மாமிட மகனுக்குச் சரியில்ல.

முழங்கால் ஊண்டுற ஆளா நீங்க?

இது டொக்டர் கேக்காட்டியும் நீங்களாச் சொல்லுங்க. சிரட்டைக்குக் கீழ இருந்து எடுத்தா விளையாட்டுக்காரருக்கு உறுதியான கிராஃப்ட், ஆனா முழங்கால் ஊண்டக்குள்ள முன்பக்கம் நோவுறது கனபேருக்கு நெடுநாள் இருக்கும். அஞ்சு நேரம் தொழுற ஆள், சேர்ச்சுல முழங்கால்ல நிக்கிற ஆள், டைல்ஸ் பதிக்கிற மேசன், நிலத்துல இருந்து வேலை செய்யிற ஓடாவி, இவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. ஹாம்ஸ்ட்ரிங் எடுத்தா முழங்கால் ஊண்டுறது பெரும்பாலும் லேசு, ஆனா ஆழமா மடக்கிப் பிடிக்கிற பலம் கொஞ்சம் குறையும். பெரோனியஸ் எடுத்தா முழங்கால் தப்பும், கணுக்காலப் பார்த்துக்கொள்ளோணும். வெளிநாட்டு வீடியோ பார்த்து முடிவெடுக்கிற ஆக்களுக்கு இந்தக் கணக்கு விளங்காது, அங்க ஆர் குந்தி இருக்கிறாங்க? உங்களுக்கு சஜ்தா செய்யோணுமா, குந்திற கக்கூஸா, நாத்து நட இறங்கோணுமா, மோட்டார் சைக்கிள் கிக் அடிக்கிற காலா, இத டொக்டர்ட்டச் சொன்னாத்தான் அவர் அதுக்கேத்த மாதிரி யோசிப்பாரு. நாப்பது நாப்பத்தஞ்சு வயசுல, விளையாட்டு இல்ல, ஆனா முழங்காலும் ஊண்டோணும் துடையும் பலவீனப்படக் கூடாது எண்ட ஆளுக்குத்தான் டோனர் உண்மையில பொருந்தி வருது.

டோனர் எண்டு முடிவானா கேக்க வேண்டியது

எங்க இருந்து வருது எண்டு கேளுங்க, வெக்கப்படாதீங்க. கொழும்புல கண் தான சங்கத்தோட சேர்ந்த மனித திசு வங்கி 1996ல இருந்து இருக்கு, சர்வதேச அணுசக்தி முகமைட உதவியோட தொடங்கினது, அணுசக்தி ஏன் எண்டா திசுக்கள காமா கதிர் அடிச்சுத்தான் கிருமி நீக்குறது. நம்மட நாட்டுல திசு தானத்துக்கு 1987ம் ஆண்டு 48ம் இலக்கச் சட்டம் இருக்கு, ஒத்தர்ட உடம்புல இருந்து சும்மா எடுக்க ஏலாது. சென்னைக்கோ மதுரைக்கோ போய்ச் செய்யிறிங்க எண்டாலும் இதே கேள்விதான்: எந்தத் திசு வங்கி, டோனர்ட ரத்தத்துல எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் பார்த்தாங்களா, லேபல் நம்பர் என்ட ஃபைல்ல எழுதுவிங்களா.

அடுத்தது கதிர் எவ்வளவு அடிச்சது எண்டது. ஆக்கள் கேக்காத, ஆனா கேக்க வேண்டிய கேள்வி இது. கதிர் கூடக் கூடக் கிருமி சாகும், நாரும் பலவீனமாகும். 25 கிலோகிரே (கதிர அளக்கிற அலகு) அளவுக்கு மேல போனா நார் பலம் இழக்கிறது தெரிஞ்ச விஷயம், குறைஞ்ச அளவு எண்டா அவ்வளவு பாதிப்பில்ல. சில கெமிக்கலால கழுவினாலும் பலவீனமாகும். "ஃபிரெஷ் ஃப்ரோசனா, கதிர் அடிச்சதா, அடிச்சதெண்டா எவ்வளவு" எண்டு ஒரே வசனத்துல கேட்டுட்டு பதிலை எழுதி எடுங்க.

கிருமி பயம் எவ்வளவு நியாயம்? 2001ல அமெரிக்காவுல மினசோட்டாவுல 23 வயசுப் பொடியன் ஒராள் முழங்காலுல டோனர் எலும்பு குருத்தெலும்பு வைச்சு சில நாள்ல குளொஸ்ட்ரிடியம் கிருமி பரவி இறந்துட்டாரு. பிறகு தேடிப் பார்த்தா அந்த டோனர்ட உடம்ப இறந்து 19 மணித்தியாலம் குளிர்ல வைக்காம வைச்சிருந்திருக்கிறாங்க. அதுக்குப் பொறகு அங்க விதிகள் இறுகிச்சு. இப்ப ஒழுங்கான வங்கியில இருந்து வாறதுல நோய் தொத்துறது மிச்சம் குறைவு, ஆனா 'ஒழுங்கான வங்கி' எண்டதுலதான் எல்லாம் கிடக்கு. எங்க இருந்து வந்தது எண்டு பதில் சொல்ல ஏலாத இடத்துல வைக்காதீங்க, நான் எண்டா எழும்பி வந்திருவன்.

வீட்டுல கதைக்கிற கதை

இறந்த ஆள்ட திசு எண்டா சில வீடுகள்ல அம்மம்மா சாப்பாட்டையே விட்டிருவா. ஒப்பரேஷனுக்கு முந்தின நாள் வார்டுல வைச்சு இந்தச் சண்டை பிடிக்காம, திகதி எடுக்க முதலே வீட்டுல கதைச்சு முடிங்க. மார்க்கத்துல எப்பிடி எண்டு சந்தேகம் இருந்தா உங்கட மௌலவிட்டயோ ஃபாதர்ட்டயோ அப்பவே கேளுங்க, கேக்கக்குள்ள மனுச திசு, தானமாக் குடுத்தது, உயிர் காக்கிற ஒப்பரேஷன் இல்ல, நடமாட்டத்துக்கான ஒப்பரேஷன் எண்டு முழுசாச் சொல்லிக் கேளுங்க, அரைகுறையாக் கேட்டா அரைகுறையாத்தான் பதில் வரும். மனசுக்கு ஒத்துவரல்ல எண்டா சொந்த நார் இருக்கு, அது ரெண்டாந்தரம் இல்ல, கனபேருக்கு அதுதான் முதல்தரம்.

சைன் வைக்கிற பேப்பர் சிங்களத்துலயோ இங்கிலீசுலயோ இருந்தா தமிழ்ல விளக்கச் சொல்லிக் கேளுங்க. அதுல கிராஃப்ட் எது எண்டு எழுதியிருக்கா பாருங்க. 'சொந்த நார் போதாட்டி டோனர் பாவிப்பம்' எண்டு ஒரு வரி இருந்தா அதுக்கு நீங்க ஓமா இல்லையா எண்டு அப்பவே சொல்லிருங்க, மயக்கத்துல கிடக்கக்குள்ள கேக்க மாட்டாங்க.

காசும் பயணமும்

அரசாங்க ஆஸ்பத்திரியில ஒப்பரேஷனுக்குக் காசில்ல, ஆனா உள்ளுக்கு வைக்கிற ஸ்குரூ மாதிரிச் சாமான் வெளியில வாங்க வேண்டி வருமா எண்டு முதலே கேட்டு வைங்க, வெயிட்டிங் லிஸ்ட் எவ்வளவு எண்டும் கேளுங்க. பிரைவேட்ல எண்டா கிராஃப்ட், ஸ்குரூ, தியேட்டர், ரூம், பிரேஸ், தெரபி எல்லாம் சேத்து எழுத்துல கேளுங்க, டோனர் எண்டா கிராஃப்டுக்கு வேறயாக் காசு.

கொழும்புல செஞ்சா வாற வழியையும் யோசிங்க. ஒப்பரேஷன் காலோட ராவு பஸ்ல ஒடுங்கின சீட்டுல மடக்கிக்கொண்டு வாறது நோவு மட்டுமில்ல, ரத்தம் கட்டியாகிற ஆபத்தும் கிடக்கு. உதயதேவி ரெயில்ல கால் நீட்டுற மாதிரி சீட் எடுத்து, இடையில எழும்பி நடந்து வாறது அதை விட நல்லம், ஏலுமெண்டா ரெண்டு மூணு நாள் சொந்தக்காரர் வீட்டுல தங்கிட்டு வாங்க. கெண்டைக்கால் வீங்கி நோகுது, மூச்சு முட்டுது, காய்ச்சலோட முழங்கால் சுடுகுது, காயத்தால சீழ் வருது, இதுல ஒண்டு வந்தாலும் கொழும்பு டொக்டருக்கு ஃபோன் அடிச்சு விடிய விடியக் காத்திருக்காம கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஒன்பது மாசம்

கிராஃப்ட் எதுவா இருந்தாலும் ஒன்பது மாசத்துக்கு முதல் கிரவுண்டுக்குத் திரும்பாதீங்க. நோர்வேயில 2016ல வந்த ஆராய்ச்சியில, ஒன்பது மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் பொறுக்கக்குள்ளயும் திரும்ப அடிபடுறது பாதியளவால குறைஞ்சிருக்கு. டோனர் எண்டா இன்னும் கொஞ்சம் கூடப் பொறுங்க. நாள்க்கணக்கு மட்டும் போதாது, ஒத்தக்காலுல பாயுற தூரமும் துடைப் பலமும் மற்றக் காலோட ஒப்பிட்டா தொண்ணூறு சதவீதத்துக்கு வரோணும், அத ஃபிசியோ அளந்து பார்த்துச் சொல்லோணும், டீம் கெப்டன் சொல்லக்கூடாது.

வீட்டுக்கு வாற நாளுக்கு முதல் ரெண்டு வேலை பார்த்து வைங்க: குந்திற கக்கூஸ் எண்டா அதுக்கு மேல வைக்கிற கொமட் கதிரை ஒண்டு, கிராமத்துல ஆரிட்டயாவது சும்மா கிடக்கும், இரவல் வாங்கலாம். மற்றது வீட்டுக்குக் கிட்ட எந்த ஆஸ்பத்திரியில ஃபிசியோதெரபி யூனிட் நடக்குது, எந்த நாள், எத்தின மணிக்கு நம்பர் குடுக்கிறாங்க எண்டு விசாரிச்சு, ஒப்பரேஷன் செஞ்ச டொக்டர்ட்ட அந்த யூனிட்டுக்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்கிட்டு வாங்க, கடிதத்துல கிராஃப்ட் எது, மெனிஸ்கஸ் தைச்சதா இல்லையா எண்டு எழுதியிருக்கோணும், மெனிஸ்கஸ் தைச்சிருந்தா கால் ஊண்டுறதும் மடக்கிறதும் வேற கணக்கு.